சம்பந்தி அழுத்தினால் விளக்கு கண் சிமிட்டும்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பி, அந்தத் தைரியத்தில்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன். இங்கே மனிதர்கள் எல்லோரும் சௌக்கியம். விளக்குகள் மட்டும் நடுவில் கொஞ்ச காலம் முடியாமல் இருந்து இப்போது தேறிவிட்டன. தங்கள் டிரைவிங் ஸ்கூல் நன்றாக நடப்பதாக மருமகள் சொன்னாள். கற்றுக்கொள்ள வருகிறவர் எப்படி ஓட்டினாலும் தாங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இரண்டாவது பிரேக் மேல் காலை வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருப்பீர்களாம். அந்தப் பொறுமையை நம்பித்தான் இவ்வளவு நீளமாக எழுதத் துணிந்தேன். பிரேக் போட்டுவிடாமல் கடைசிவரை வரவேண்டும்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் எதிராளி பேசுவது எனக்குத் தண்ணீர் வராத குழாயில் காற்று வருவது போலத்தான் கேட்கிறது. தவிர, தபால் பிரிக்கும் ஆபீஸில் இருந்த காலமெல்லாம் ஊரார் எழுதிய கடிதங்களைக் கட்டுக் கட்டாகப் பிரித்துப் போட்டவன் நான். ஓய்வுபெற்ற பிறகாவது சொந்தமாக ஒன்று எழுத ஆசை இருக்காதா? இன்று அதற்குத் தோதான நாள். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரி மூக்குக்கண்ணாடி மாற்றப் போயிருக்கிறாள். உட்காருமுன் வழக்கம்போல வீட்டை ஒரு சுற்று சுற்றி எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, மேஜையைப் பக்கவாட்டு ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். பகல் வெளிச்சம் தாராளமாக வருகிறது. காதுக் கருவியையும் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டேன். அதை மாட்டிக்கொண்டு எழுதினால் பேனா தாளில் ஓடுவது ரம்பம் அறுக்கிற மாதிரி கேட்கும்.

முதலில் நன்றி. தாங்கள் அனுப்பிய வாசல் மணிக்கு நன்றி. அதோடு ஒரு துண்டுச் சீட்டில் ‘காதால் கேட்க வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும்’ என்று ஒரே வரி எழுதியிருந்தீர்களே, அதற்கு இன்னும் பெரிய நன்றி. வேறு ஒருவராக இருந்தால் அந்த மழை நாளுக்குப் பிறகு எங்களுக்கு வக்கீல் நோட்டீஸ்தான் அனுப்பியிருப்பார். அன்று தாங்கள் கேக் டப்பாவை நனையாமல் அணைத்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்று மணியை அழுத்தினீர்கள், கதவைத் தட்டினீர்கள், “சம்பந்தி, சம்பந்தி” என்று கூப்பிட்டும் பார்த்தீர்கள். நான் உள்ளே குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கதவிலுள்ள மங்கல் கண்ணாடி வழியாக நான் எழுந்து வருவது தெரிந்ததும், அப்பாடா என்று குடையை மடக்கினீர்களாம். நான் வந்தேன். கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் சுவிட்சை அணைத்தேன். திரும்பிப் போய்விட்டேன். ஆளில்லாத இடத்தில் விளக்கு எரிந்தால் எனக்குக் கை பரபரவென்று வரும். அணைக்காமல் ஒரு வாய் தண்ணீர்கூட இறங்காது. ஆனால் வெளியே மழையில் நிற்பவர் கண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும்? “மாமா, அப்பா வாசல்ல நிக்கும்போது நீங்க வந்து லைட்ட அணைச்சுட்டு உள்ள போயிட்டீங்களாமே!” என்று மருமகள் வந்து நின்றபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. காது கேட்கவில்லை என்று அவளிடம் சொன்னேன், தங்களிடம் சொல்லச் சொன்னேன், மகனைவிட்டும் சொல்லச் சொன்னேன். காது கேட்காததற்கு என்னிடம் டாக்டர் சர்டிபிகேட் இருக்கிறது. விளக்கை அணைத்ததற்கு எந்த டாக்டரிடம் போய்ச் சர்டிபிகேட் வாங்குவது?

“இனிமே அந்த வாசல்ல போய் நிக்க மாட்டேன்” என்று தாங்கள் சொன்னதாகக் கேள்வி. நியாயம்தான். மருமகள் எங்களிடம் ஒரு வார்த்தைகூடக் கடுமையாகப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகக் கிளம்பித் தங்களைப் பார்க்க வருவாள், திரும்பி வந்ததும் நேரே மாடிக்குப் போய்விடுவாள். அந்த மழைக்கு முன்பெல்லாம் மாடிப்படியில் இறங்கும்போதே பேச்சை ஆரம்பித்து, கடைசிப் படியில் சிரிப்பில் முடிப்பாள். அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று. என் காதுக்கு அது எப்படியும் கேட்காதுதான். ஆனால் என் வீட்டுக்காரி முகத்தைப் பார்த்தே அது வந்ததா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும். அப்படி இருக்கும்போதுதான் தங்கள் மணி பார்சலில் வந்தது. பெட்டியைப் பிரித்ததும் மருமகள் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

(எதிர்வீட்டுத் தையல்காரம்மா ஜன்னலிலிருந்து கையை ஆட்டுகிறார். நானும் ஆட்டினேன். நல்ல மனுஷி. மேற்கொண்டு எழுதுகிறேன்.)

மணியை மாட்டினால் போதும், வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். எங்கள் தெருமுனையில் மின்சாதனக் கடை வைத்திருப்பவரைத் தாங்கள் பார்த்ததில்லை. எதைக் கேட்டாலும் “இது இருக்கட்டும், அதையும் பாருங்க” என்பார். தெருவில் அவருக்கு ‘அதையும்’ என்றே பெயர். அவர் சொன்னார்: “சார், இது வைஃபை பெல். இதை அழுத்தினா உங்க வீட்டு லைட் கண் சிமிட்டணும்னா லைட்டும் வைஃபையா இருக்கணும்.” சரியென்று வீடு முழுக்க வைஃபை பல்பு வாங்கி மாட்டினேன். மாட்டிய பிறகுதான் அது எப்படி வேலை செய்கிறது என்று மகன் விளக்கினான். வாசலில் அழுத்தியதும் அந்தச் செய்தி மாடியில் இருக்கும் இன்டர்நெட் பெட்டிக்கு ஏறி, அங்கிருந்து கடல் தாண்டி எங்கேயோ ஒரு கம்ப்யூட்டருக்குப் போய், மறுபடி கடல் தாண்டித் திரும்பி வந்து எங்கள் கூடத்து பல்பை எழுப்புமாம். வாசலுக்கும் கூடத்துக்கும் நாலு எட்டு தூரம், சம்பந்தி. உள்ளூர்த் தபாலை எடுத்து வெளிநாட்டுப் பையில் போட்டவனை எங்கள் ஆபீஸில் அன்றைக்கே மெமோ கொடுத்து நிறுத்தியிருப்பார்கள். போதாக்குறைக்கு எங்கள் வீட்டுச் சுவர் பழங்காலத்துச் சுவர், வாசல்வரை சிக்னல் இறங்கவே மூச்சு வாங்குகிறது. காலையில் கூரியர்காரர் அழுத்திவிட்டுப் போனதற்கு மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வீடே கண் சிமிட்டியது. எச்சில் கையோடு ஓடினேன். வாசலில் ஒரு பூனை இருந்தது. அதற்கும் நமக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது போல அது என்னைப் பார்த்தது. அதே நேரத்தில் மாடியில், இத்தனை பல்பும் ஒரே பெட்டியில் தொங்கிய பாரம் தாங்காமல், மகனுடைய ஆபீஸ் வீடியோ மீட்டிங்கில் அவன் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றுவிட்டானாம். மேனேஜர் அதைப் போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார்.

திரும்ப ‘அதையும்’ கடைக்குப் போனேன். “சார், வீடு பூரா எதுக்கு? உங்க காதுக் கருவியிலேயே புளூடூத் இருக்குதே, பெல் சத்தத்த நேரா காதுக்குள்ள விட்டுடலாம்” என்றார். பாருங்கள், இத்தனை நாள் நான் காதில் வைத்திருந்தது என்னவென்று எனக்கே தெரியாமல் அவருக்குத் தெரிந்திருக்கிறது. புளூடூத் என்பது கிட்டத்தில் இருப்பவர்கள் காதோடு காதாகக் குசுகுசுப்பது. தூரம் போனால் அறுந்துவிடும். மணியின் செய்தி வருகிற போன் மகனுடையது என்பதால் அதோடு என் காதை இணைத்துவிட்டார்கள். மணி அடிக்கவில்லை. பதிலாக, ஞாயிற்றுக்கிழமை காலை நான் முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது மகனுக்கு வந்த போன் என் காதுக்குள் பேசியது. வீட்டு புரோக்கர். “ரெண்டு பெட்ரூம் சார், தனி வாசல், பெல்லெல்லாம் பக்காவா இருக்கு. உங்க மாமனார் தாராளமா வந்து போகலாம். அடுத்த மாசம் காலியாகுது, அட்வான்ஸ் போட்டுடலாமா?”

சம்பந்தி, இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரியிடம்கூட. பாதி முகத்தில் சோப்புடன் அப்படியே நின்றேன். மகன் என்ன பதில் சொன்னான் என்று தெரிந்துகொள்வதற்குள் அவன் மாடிக்கு நடந்துபோய்விட்டான், புளூடூத் அறுந்துவிட்டது. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. தன் அப்பா வந்து உட்காராத வீட்டில் ஒரு பெண் எத்தனை நாள் இருப்பாள்? அவர்கள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் அணைப்பதற்கு விளக்குகூட மிச்சமிருக்காது. எனக்கு அழுகை வந்தது. அன்றைக்கே தீர்மானித்தேன். இந்த மணி வேலை செய்தாக வேண்டும், தாங்கள் வந்தாக வேண்டும். வேறு எதுவும் எனக்கு முக்கியமில்லை.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மகனுடைய சிநேகிதன் வெளிநாட்டிலிருந்து ஜீ-வேவ் என்று ஒரு விளக்கைக் கொண்டுவந்தான். “அங்கிள், இது வைஃபை கூட்டத்துல போய் முட்டாது. தனி ரூட். எவ்வளவு தடிச் சுவர்னாலும் புகுந்து போயிடும்” என்றான். உண்மைதான். ஆனால் அந்தத் தனி வழியின் அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறுமாம். அவன் கொண்டுவந்தது அந்த நாட்டு அலைவரிசையில் பேசுகிறது, இங்கே அதைக் கேட்க ஆளில்லை. தனியாகப் பேசிக்கொண்டே இருந்தது. கனமான விளக்கு, அடிப்பாகம் நல்ல இரும்பு. இந்தத் தாள்கள் காற்றில் பறக்காமல் இருக்க அதைத்தான் மேலே வைத்திருக்கிறேன். அந்தப் பையனுக்கும் என் நன்றி.

(தையல்காரம்மா இப்போது இரண்டு கையையும் ஆட்டுகிறார். கழுத்திலிருந்த டேப்பை எடுத்துச் சுழற்றி, எங்கள் வீட்டு முன்பக்கமாகக் காட்டுகிறார். அவரிடம் ஒரு சட்டை தைக்கக் கொடுத்திருந்தேன், முன்பக்கம் தைத்து முடித்துவிட்டார் போலும். சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சைகை காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டார். பித்தான் கிடைக்கவில்லையோ என்னவோ. அந்தச் சட்டை தாங்கள் வருகிற அன்று போட்டுக்கொள்ளத்தான்.)

கடைசியில் மருமகள்தான் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். லேபில் ரத்தம் பார்க்கிறவள் இல்லையா, எதையும் சோதிக்காமல் நம்பமாட்டாள். ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து படித்துவிட்டு வந்து சொன்னாள்: “மாமா, நமக்கு வேண்டியது ஜிக்பீ. இன்டர்நெட் போனாலும் வீட்டுக்குள்ளயே வேலை செய்யும். ஒரு பல்பு பக்கத்து பல்புகிட்ட சொல்லும், அது அடுத்ததுகிட்ட சொல்லும். அப்படியே கைமாத்திக் கைமாத்தி கடைசி ரூம் வரைக்கும் போயிடும்.” எனக்குப் புல்லரித்துவிட்டது. இதுதானே அம்மா எங்கள் ஆபீஸ்! இந்தக் கையிலிருந்து அந்தக் கை, அந்தக் கையிலிருந்து அடுத்த பை. இப்படிச் சொல்லியிருந்தால் முதல் நாளே புரிந்திருக்குமே! வைஃபை பல்புகளைக் கழற்றித் திருப்பிக் கொடுக்கப் போனோம். ‘அதையும்’ முகம் வாடாமல் வாங்கிக்கொண்டு, “இப்ப த்ரெட்னு புதுசா ஒண்ணு வந்திருக்கு, அதுவும் இதே மாதிரி கைமாத்தி விடுறதுதான், அதையும்...” என்று ஆரம்பித்தார். மருமகள் ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை தங்களுடையது என்று நினைக்கிறேன். அவர் உடனே ஜிக்பீ பல்புகளை எடுத்து வைத்தார். வைத்துவிட்டு இன்னொரு வார்த்தை சொன்னார் பாருங்கள்: “அப்ப வாசல்ல இருக்கிற அந்த வைஃபை பெல்ல கழட்டிப் போட்டுடுங்க சார். அது பேசுறது இதுக்குப் புரியாது. ஜிக்பீயிலயே ஒரு பட்டன் தர்றேன், சல்லிசு.”

எனக்கு வந்ததே கோபம்! என் குரல் எவ்வளவு உயர்ந்தது என்று எனக்குத் தெரியாது, காது அப்படி. ஆனால் கடைக்கு வெளியே போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். “யோவ், அது எங்க சம்பந்தி அனுப்புன பெல். வீட்ல இருக்கிற பல்ப மாத்து, சுவத்த மாத்து, வேணும்னா என்னையும் மாத்து. அந்த பெல்லு மேல கைய வெச்சே, தெரியும் சேதி!” அன்று சாப்பிடும்போது மருமகள், “இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க மாமா” என்று கரண்டியை நீட்டினாள். ரொம்ப நாளுக்கு அப்புறம் கேட்ட வார்த்தை. ஏற்கெனவே வயிறு நிறைந்திருந்தது. இருந்தாலும் இரண்டு தடவை போட்டுக்கொண்டேன்.

மணி பேசுவது பல்புக்குப் புரியாது, பல்பு பேசுவது மணிக்குப் புரியாது. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தாக வேண்டும். இதற்கு ஒரு வழி இருக்கிறது என்று மருமகளே கண்டுபிடித்தாள். மேட்டர் என்று ஒரு பொதுப் பேச்சு வந்திருக்கிறதாம். நடுவில் ஒரு சின்னப் பெட்டியை வைத்தால், அது வைஃபைக்காரர் சொல்வதையும் வாங்கி ஜிக்பீக்காரருக்கும் சொல்லும். நல்லவேளையாகத் தங்கள் மணிக்குள் அந்தப் பேச்சை ஏற்ற இடமிருந்தது. தாங்கள் மட்டமானதாக வாங்கி அனுப்பியிருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். நல்ல சரக்காகப் பார்த்து அனுப்பினீர்கள், அதற்கும் நன்றி. எங்கள் எலக்ட்ரீஷியன் வந்து பெட்டியை வைத்தார். சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் குத்தியிருப்பதால் அவருக்கு டெஸ்டர் என்றே பெயர். முதலில் அதை இன்டர்நெட் பெட்டி மேலேயே வைத்தார். இரண்டும் ஒரே நேரத்தில் கத்தி, ஒன்று பேசுவது ஒன்றுக்குக் கேட்காமல் போயிற்று. பிறகு பிரிட்ஜ் மேல் வைத்தார். இரும்பு மறைத்தது. கடைசியில் நடையில் புத்தக அலமாரிக்கு ஏறிற்று. மருமகள் வாசலுக்குப் போய் அழுத்தினாள். சம்பந்தி, கண் மூடித் திறப்பதற்குள் கூடம், நடை, சமையலறை, படுக்கையறை எல்லாம் ஒன்றாக மூன்று முறை கண் சிமிட்டின! நான் நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டினேன். என் வீட்டுக்காரி, “கொழந்த மாதிரி பண்ணாதீங்க” என்றாள். அவளும் தட்டிக்கொண்டுதான் சொன்னாள்.

மறுநாளே செத்துவிட்டது. டெஸ்டரை ஓடிவரச் சொன்னோம். பெட்டியைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “சார், நடை லைட் ஸ்விட்ச யாரு அணைச்சது?” நான்தான். ஆளில்லை, அணைத்தேன். “அணைக்கவே கூடாது சார். ஸ்விட்ச் எப்பவும் போட்டே இருக்கணும். லைட் எரியாம இருக்கிறத அதுவே பாத்துக்கும். நீங்க ஸ்விட்ச அணைச்சா பல்புக்கு கரெண்டே இல்ல, அப்புறம் அது எங்க சிமிட்டுறது, பக்கத்து பல்புக்கு எங்க சொல்றது?” நடை பல்பு இல்லாமல் போனால் அதற்கு அந்தப் பக்கம் இருக்கிற சமையலறையும் படுக்கையறையும் தனித்தீவாகிவிடுகின்றன. சரிதான், நடுவில் தபால் பிரிக்கும் சார்ட்டர் ஒருவன் லீவு போட்டால் அவன் பைகளெல்லாம் தேங்கி நிற்பதை நான் பார்த்தவன்தானே. ஒப்புக்கொண்டேன். ஆனாலும் அந்தச் சுவிட்சுகள் எல்லாம் போட்டபடியே சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளியாக எரிந்துகொண்டிருப்பதைப் பார்க்கும்போது என் விரல்கள் தாமாகவே போகின்றன. மருமகள் ஒவ்வொரு சுவிட்ச் மேலும் பசை டேப் ஒட்டிவிட்டாள். அதிலிருந்து எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. நானும் திருந்திவிட்டேன் என்பதைத் தங்களுக்கு உறுதியாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

(தையல்காரம்மாவை ஜன்னலில் காணோம். கையில் டீ கிளாசோடு தெருவைத் தாண்டி எங்கள் வாசல் பக்கமாகப் போகிறார். யாருக்கோ டீ கொண்டுபோகிறார் பாருங்கள், எவ்வளவு நல்ல மனசு. எந்த வீட்டுக்கு என்று இந்த ஜன்னலிலிருந்து தெரியவில்லை.)

இப்போது நிலவரம் இதுதான். மருமகளிடம் வாசல் சாவி இருக்கிறது. இருந்தும் தினமும் சாயங்காலம் வேலையிலிருந்து வந்தால் சாவியைத் தொடமாட்டாள். மணியை அழுத்திவிட்டு நிற்பாள். விளக்குகள் கண் சிமிட்டும், நான் போய்த் திறப்பேன். “வேலை செய்யுது மாமா” என்பாள். “செய்யுதும்மா” என்பேன். அவ்வளவுதான் பேச்சு. அவள் யாருக்காகச் சோதிக்கிறாள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். புரோக்கர் சொன்ன ‘அடுத்த மாசம்’ நெருங்கிக்கொண்டிருக்கிறது.

ஆகையால் சம்பந்தி, தாங்கள் ஒரு முறை வரவேண்டும். என்றைக்கு, எந்த வேளை என்பது தங்கள் இஷ்டம். முன்கூட்டிச் சொல்லக்கூட வேண்டாம். நேரே வந்து மணியில் விரலை வைத்தால் போதும். விரலை எடுப்பதற்குள் நான் கதவருகில் இருப்பேன். இதில் தவறு நேர்ந்தால் என்னைச் சம்பந்தி என்று கூப்பிட வேண்டாம். மணிக்கும், அந்த ஒரு வரிக்கும், இப்படி ஒரு பெண்ணை எங்கள் வீட்டுக்கு அனுப்பியதற்கும், நான் எத்தனை நன்றி எழுதினாலும் தாள்தான் தீரும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் அன்பான விசாரிப்புகள். தங்களிடம் வண்டி கற்கிற எல்லோரும் முதல் தடவையிலேயே லைசன்ஸ் வாங்கவும், தங்கள் வண்டியில் கீறல் விழாமலிருக்கவும் மனதார வேண்டும்,

தங்கள் அன்புள்ள சம்பந்தி.

பின்குறிப்பு: மேலே ‘நானும் திருந்திவிட்டேன்’ என்று தொடங்கும் வரியையும், ‘விரலை எடுப்பதற்குள்’ என்று வரும் வரியையும் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும்.

கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி, செருப்பை மாட்டிக்கொண்டு, தபால் பெட்டியில் போட்டு வரலாமென்று கதவைத் திறந்தால் வாசல்படியில் தாங்களே உட்கார்ந்திருக்கிறீர்கள். கையில் தையல்காரம்மாவின் டீ. என் காலடியில் ஒரு கேக் டப்பா, மிதித்திருப்பேன். “ஐயய்யோ” என்று அலறிவிட்டேன். தாங்கள் ஏதோ சொன்னீர்கள், வாய் அசைந்தது. உள்ளே ஓடிக் காதுக் கருவியை மாட்டிக்கொண்டு வந்து, “இன்னொரு தடவ சொல்லுங்க சம்பந்தி” என்றேன். “டீ ரெண்டாவது கிளாஸ்னேன்” என்றீர்கள்.

நடந்தது என்னவென்று தங்களுக்கு இன்னும் முழுதாகத் தெரியாது, ஒட்டிய உறையைப் பிரித்து எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன். எழுத உட்காருமுன் வீட்டைச் சுற்றி வந்தேன் என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன் அல்லவா? வீட்டில் யாருமில்லை, எல்லாச் சுவிட்சும் சிவப்புப் புள்ளியோடு என்னைப் பார்த்தன. கடிதம் எழுதுகிற நேரத்துக்கு மட்டும்தானே என்று ஒவ்வொரு டேப்பாக உரித்து, ஒன்று விடாமல் அணைத்துவிட்டு, ரொம்பத் திருப்தியாக வந்து உட்கார்ந்திருக்கிறேன். தாங்கள் அழுத்த அழுத்த மணி பேசியிருக்கிறது, அலமாரிப் பெட்டி கேட்டிருக்கிறது, சொல்லியிருக்கிறது. வாங்கிக்கொள்ள ஒரு பல்புக்கும் உயிர் இல்லை. வைஃபை, புளூடூத், ஜீ-வேவ், ஜிக்பீ, மேட்டர் என்று அத்தனையையும் அலசி ஆராய்ந்து நல்லதைத் தேர்ந்தெடுத்தோம். என் கட்டைவிரலைக் கணக்கில் எடுக்க மறந்துவிட்டோம்.

தையல்காரம்மா ஜன்னலைத் தட்டி எனக்குச் சொல்ல வந்தாராம், தாங்கள் தடுத்துவிட்டீர்களாம். “டெஸ்ட் நடக்கும்போது பக்கத்துலேருந்து யாரும் சொல்லித் தரக் கூடாதும்மா” என்றீர்களாம். கோபம் வந்து பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பவும் பார்த்தீர்களாம். அப்போது அந்த அம்மா, “ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டு ஜன்னல்ல உக்காந்து தெருமுனையவே பாத்துட்டு இருப்பாருங்க. யாருக்காகன்னு கேட்டா சம்பந்தின்னுவாரு. இப்பகூட ஏதோ எழுதிட்டே இருக்காரு, அழுவுறாரு, சிரிக்கிறாரு. பாத்துட்டுப் போங்க” என்று சொன்னாராம். இதையெல்லாம் அவர் தங்களிடம் சொல்லியிருக்க வேண்டாம். பையைக் கீழே வைத்ததற்கு நன்றி, சம்பந்தி.

நான் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக்கொண்டு போக, தாங்கள் பின்னாலேயே வந்து, ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ் மாதிரி டேப்பைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தீர்கள். பிறகு, “இருங்க. நான் மறுபடி வெளியே போய் மொதல்லேருந்து வர்றேன். அழுத்துறேன், நீங்க தொறங்க. என் பொண்ணு கேட்டா மொத அழுத்துலயே தொறந்துட்டாருன்னு சொல்லிக்கலாம்” என்றீர்கள். போனீர்கள், அழுத்தினீர்கள். வீடு முழுக்கக் கண் சிமிட்டியது. திறந்தேன். “வாங்க சம்பந்தி” என்றேன். நாம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

இப்போது தாங்கள் என் எதிரே உட்கார்ந்து, “என்ன எழுதுறீங்க, எனக்குத்தானே, குடுங்க” என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். ஆபீஸில் எத்தனையோ கடிதம் என் கைவழியாகப் போயிருக்கிறது. இவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்ந்தது ஒன்றுமில்லை. மருமகள் வருகிற நேரம்தான் இது. அவளுக்கு நீங்கள் இங்கே இருப்பது தெரியாது.

இதோ, விளக்கு கண் சிமிட்டுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று. பேனாவைப் பிடுங்காதீர்கள், தருகிறேன். முதலில் எழுந்திருங்கள் சம்பந்தி. இந்தத் தடவை கதவை நீங்கள் போய்த் திறங்கள்.